அப்பாவின் பார்க்கர் 51: எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது

உங்கள் கேள்வி சுருக்கமாக இதுதான். அப்பா காலமாகி ஒன்றரை வருடம் கழித்து, பீரோவில் அவருடைய பார்க்கர் 51 கிடைத்திருக்கிறது. கறுப்பு உடல், தங்க நிற மூடி, உள்ளே மை காய்ந்து இறுகிக் கிடக்கிறது. கடைக்காரர் நிப்பையும் உள்ளே இருக்கும் ரப்பரையும் மாற்றி, பாலிஷ் போட்டு, புதிதுபோல ஆக்கித் தருவதாகச் சொல்கிறார். வீட்டில் ஒருவர் வெந்நீரில் போட்டால் போதும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் நடுவில் இன்னொன்றும் எழுதியிருக்கிறீர்கள்: கழுவினால் அப்பா கடைசியாக நிரப்பிய மையும் போய்விடுமே என்று மனம் வரவில்லை என்று. உண்மையில் உங்கள் கேள்வி அதுதான் என்று எனக்குப் படுகிறது. பேனா எழுதவும் வேண்டும், அப்பாவின் பேனாவாகவே இருக்கவும் வேண்டும். இரண்டும் முடியும். உங்களுடைய பேனா மாடலில் அது மற்ற பேனாக்களைவிட எளிதும்கூட.

மதுரையில் பேனா பழுதுபார்த்த ஒரு பெரியவரிடம் நான்கு வருடம் உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். அதன் பிறகு இருபது வருடங்களுக்கு மேலாக, வேலை முடிந்து வரும் மாலைகளில் இதைச் செய்துவருகிறேன். என் மேசைக்கு வருபவற்றில் பாதிக்கு மேல் அப்பா, தாத்தா, பெரியப்பா விட்டுச்சென்ற பேனாக்கள்தான். அவற்றில் கெட்டுப்போனவை பெரும்பாலும் பயன்படுத்தியவர் கையில் கெடவில்லை. பிறகு யாரோ அன்போடு சுத்தம் செய்யப்போய்க் கெட்டவை. அதனால் முதலில் எதைச் செய்யாமல் இருக்க வேண்டும் என்று சொல்லிவிடுகிறேன். வெந்நீர் வேண்டாம். ஸ்பிரிட், சானிடைசர், நெயில் பாலிஷ் ரிமூவர், தின்னர் எதுவும் வேண்டாம். பிராசோ வேண்டாம். புளியும் விபூதியும் பித்தளைக் குத்துவிளக்குக்கு நல்லவை, இந்த மூடிக்கு வேண்டாம். எங்காவது விரிசல் தெரிந்தால் ஃபெவிக்விக் வேண்டவே வேண்டாம். கடைக்காரரிடம் இப்போதைக்குக் கொடுக்கவும் வேண்டாம். இவற்றுக்கெல்லாம் காரணம் பின்னால் வருகிறது.

முதலில் கையில் இருப்பது என்ன என்று பார்ப்போம். பார்க்கர் நிறுவனம் தொடங்கியது 1888-இல். இந்தப் பேனாவை வடிவமைத்து முடித்தது 1939-இல், அதாவது நிறுவனத்தின் 51-ஆம் ஆண்டில். பெயர் அப்படித்தான் வந்தது. அமெரிக்காவில் 1941-இல் விற்பனைக்கு வந்து, 1970-கள் வரை தயாரிப்பில் இருந்தது. விஸ்கான்சின் மாநிலத்தின் ஜேன்ஸ்வில் நகரிலும், போருக்குப் பிறகு இங்கிலாந்தின் நியூஹேவனிலும் செய்தார்கள். உங்கள் மூடியின் அடிவிளிம்பில் ‘மேட் இன் இங்கிலாண்ட்’ என்று இருப்பதாக எழுதியிருப்பதால் உங்களுடையது நியூஹேவனில் செய்ததாக இருக்கலாம். ‘இருக்கலாம்’ என்று ஏன் இழுக்கிறேன் என்றால், 51 பேனாக்களின் மூடிகள் ஒன்றுக்கொன்று மாற்றிப் போடக்கூடியவை. பழுதுபார்க்கும் கடைகளில் மூடி மாறுவது சகஜமாக நடந்திருக்கிறது. ஆகவே மூடியை வைத்து உடலின் பிறப்பைச் சொல்ல முடியாது. உடலில் பொறித்திருக்கும் எழுத்தையும் பாருங்கள். அமெரிக்கப் பேனா என்றால், 1950-களின் தொடக்கம் வரைக்கும் ஆண்டின் கடைசி இலக்கத்தைச் சிறிதாகப் பொறித்து, காலாண்டைக் காட்டப் பக்கத்தில் புள்ளிகள் வைத்திருப்பார்கள்.

இன்னொரு சந்தேகத்தையும் தீர்த்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் நிறையப் பேர் அப்பாவின் பார்க்கர் என்று கொண்டுவருவது ஷாங்காய் ஹீரோ பேனாவாக இருக்கும். அம்பு போன்ற கிளிப், மறைந்த நிப், உலோக மூடி எல்லாம் 51-ஐப் பார்த்துச் செய்தவை. மூடியில் சீன எழுத்து இருக்கும். ஹீரோவாக இருந்தாலும் நான் கீழே சொல்லும் ஊறவைக்கும் முறை அப்படியே பொருந்தும். எத்தனையோ ஆசிரியர்களும் குமாஸ்தாக்களும் வாழ்நாள் முழுக்க ஹீரோவில்தான் எழுதினார்கள். அது பார்க்கர் இல்லை என்று தெரிந்து முகம் வாடிப்போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். வாட வேண்டியதில்லை. அப்பா எழுதிய பேனா அதுதானே.

இப்போது பேனாவைத் திறக்கலாம். பின் உடலை மட்டும், முன் பகுதியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மெதுவாக இடப்பக்கம் திருகுங்கள். இறுகியிருந்தால் கட்டாயப்படுத்தாமல், ஈரத்துணியைச் சுற்றி ஒரு மணி நேரம் வைத்துவிட்டு முயலுங்கள். உள்ளே உலோகக் கூடு ஒன்றும், அதன் பக்கவாட்டில் கோடுகோடாக வரியிட்ட அழுத்துபட்டை ஒன்றும் தெரிந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். அது 1948 வாக்கில் வந்த ஏரோமெட்ரிக் வகை. பட்டையை எப்படி அழுத்த வேண்டும் என்று கூட்டிலேயே ஆங்கிலத்தில் பொறித்திருப்பார்கள். அப்படியில்லாமல், உடலின் வால்பக்கத்தில் தனியாக ஒரு சிறு மூடி திருகி வந்து, அதற்குள் அழுத்தும் தண்டு ஒன்று தெரிந்தால் அது முந்தைய வாக்குமேட்டிக் வகை. அதற்குள் இருக்கும் ரப்பர் சவ்வு இந்நேரம் நிச்சயம் மக்கிப்போயிருக்கும். தண்டை அழுத்தாதீர்கள், இழுக்காதீர்கள். அதை மாற்ற அதற்கென்றே செய்த திருகுகருவி வேண்டும். பிளையரைப் போட்டுத் திருகினால் உடல் பிளந்துவிடும். அந்த வகை என்றால் இதற்கு மேல் வீட்டில் எதுவும் செய்யாமல், அந்தக் கருவி வைத்திருப்பவரிடம் கொண்டுபோங்கள். கீழே உள்ளவை ஏரோமெட்ரிக் என்று வைத்துக்கொண்டு எழுதியவை.

கடைக்காரர் ரப்பரை மாற்ற வேண்டும் என்கிறாரே, அதைப் பார்ப்போம். ஏரோமெட்ரிக் 51-இல் ரப்பர் பை கிடையாது. ஒரு வகை ஒளிபுகும் பிளாஸ்டிக்கில் செய்த பை அது. சாதாரண ரப்பர் பை பத்து இருபது வருடத்தில் பிசுபிசுத்தோ கெட்டித்தோ போய்விடும். இந்தப் பிளாஸ்டிக் பை அறுபது எழுபது வருடம் கழித்தும் நன்றாக வேலை செய்வதைத் தொடர்ந்து பார்த்துவருகிறேன். மைக்கறை ஏறிக் கறுத்திருக்கும், அவ்வளவுதான். அதை அறுத்தெறிந்துவிட்டு ரப்பர் பை மாட்டினால், இன்னும் நெடுநாள் உழைக்கக்கூடிய ஒன்றைக் கழற்றிவிட்டுச் சில வருடத்தில் மக்கும் ஒன்றைப் போடுகிறீர்கள் என்று பொருள். கடைக்காரர் ஏமாற்றப் பார்க்கிறார் என்று சொல்லவில்லை. மற்ற பேனாக்களில் ரப்பரை மாற்றிப் பழகிய கை, அப்படியே சொல்லியிருக்கலாம். பை பிழைத்திருக்கிறதா என்பது நீங்கள் அனுப்பிய படத்தைப் பார்த்து எனக்குத் தெரியாது. நீங்களே சோதிக்கலாம். பட்டையை மெல்ல அழுத்திப் பாருங்கள். மெத்தென்று உள்ளே போய்த் திரும்பி வந்தால் நல்லது. அசையவே இல்லை என்றால் காய்ந்த மை உள்ளே கட்டியாக இருக்கிறது. இந்தக் கட்டத்தில் பலம் காட்ட வேண்டாம், ஊறிய பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஊறவைப்பதுதான் இந்த வேலையில் முக்கால் பங்கு. அதைச் சரியாகச் செய்தால் மற்றதெல்லாம் தேவைப்படாமலே போகலாம். 51-இன் நிப் குழாய் வடிவத்தில், முன்பகுதியாக இருக்கும் கூண்டுக்குள் ஒளிந்திருக்கிறது. வெளியே தெரிவது நுனி மட்டும்தான். அந்தக் கூண்டுக்குள், நிப்பைச் சுற்றி, மெல்லிய தகடு தகடாக மடிப்புகள் வெட்டிய ஒரு பகுதி இருக்கிறது. கூடுதலாக இறங்கும் மையை அது தன் மடிப்புகளில் தாங்கிக்கொள்ளும். அதனால்தான் இந்தப் பேனா சட்டைப் பையில் மை கக்குவது அரிது. அதே காரணத்தால் மை காய்ந்தால் ஒவ்வொரு மடிப்பிலும் இறுகிக்கொள்கிறது. தண்ணீர்க் குழாயைத் திறந்து அதன் அடியில் காட்டினால் அது கரையாது. தண்ணீர் மெதுவாக உள்ளே ஊர்ந்து போக வேண்டும், அதற்கு நாட்கள் ஆகும்.

ஒரு கண்ணாடி டம்ளரின் அடியில் பஞ்சோ மடித்த மெல்லிய காகிதமோ போடுங்கள், நிப் நுனி கண்ணாடியில் இடிக்கக் கூடாது. போர்வெல் தண்ணீர் வேண்டாம், அதன் உப்பு மடிப்புகளில் படியும். கேன் தண்ணீர் அல்லது காய்ச்சி நன்றாக ஆறவைத்த நல்ல தண்ணீர் போதும். நிப் கீழே இருக்கும்படி, முன்பகுதியையும் உலோக வளையத்தையும் ஒட்டிய உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றுங்கள். உலோகக் கூடும் பின் உடலும் மூடியும் நனைய வேண்டியதில்லை.

இங்கேதான் நீங்கள் கேட்ட கடைசி மை விஷயம் வருகிறது. முதல் முறை ஊறவைத்து ஒரு மணி நேரத்தில் நுனியிலிருந்து நீலமோ கறுப்போ புகைபோலத் தண்ணீரில் இறங்கத் தொடங்கும். அப்போது பேனாவை வெளியே எடுத்து, மெல்லிய துணியில் ஒற்றி, கொஞ்சம் தடித்த நல்ல காகிதத்தில் எழுதிப் பாருங்கள். பெரும்பாலான பேனாக்கள் அந்த நேரத்தில் எழுதும். வெளிறிய, நீர்த்த எழுத்தாக இருக்கும். சில வரிகள் வரும், சில நேரம் அரைப்பக்கம்கூட வரும். எழுதுவது உங்கள் கை, இறங்குவது அப்பா நிரப்பிய மை. அப்பாவின் பெயரையோ, அவர் உங்களுக்கு எழுதிய கடிதத்தின் முதல் வரியையோ எழுதி, தேதி போட்டு, வெயில் படாத இடத்தில் வையுங்கள். மை வரவில்லை என்றால் இன்னும் இரண்டு மணி நேரம் ஊறவைத்துவிட்டு மறுபடி பாருங்கள். என்னிடம் கொடுப்பவர்களுக்கும் முதல் நாள் மையில் ஒரு காகிதம் எழுதித்தான் பேனாவோடு சேர்த்துக் கொடுக்கிறேன். இதைச் செய்துவிட்டால், பிறகு கழுவுவதற்குக் கை கூசாது என்று அனுபவத்தில் பார்த்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு தினமும் காலையில் தண்ணீரை மாற்றுங்கள். இரண்டாம் நாளிலிருந்து பட்டையை மென்மையாக அழுத்தி விடுங்கள். குமிழிகள் வெளியே வந்து, விட்டதும் தண்ணீர் உள்ளே ஏறினால் பை நன்றாக இருக்கிறது. ஒவ்வொரு அழுத்தலுக்கும் பிறகு இரண்டு மூன்று வினாடி காத்திருங்கள். பைக்குள் ஒரு மெல்லிய மூச்சுக்குழாய் இருக்கிறது, அதன் வழியாகத்தான் காற்று வெளியேறும். பொறுமை இல்லாமல் படபடவென்று அழுத்தினால் பாதிதான் நிரம்பும். நான்காவது ஐந்தாவது நாளில் தண்ணீர் கிட்டத்தட்டத் தெளிந்து வரும். தெளிந்துவிட்டது என்று நினைத்து நிறுத்தாதீர்கள். இரவில் நிப் நுனியை உறிஞ்சும் காகிதத்தில் சுற்றி, நிப் கீழே இருக்கும்படி வெறும் டம்ளரில் நிறுத்தி வையுங்கள். காலையில் காகிதத்தில் மறுபடி அடர்ந்த கறை இருக்கும். மடிப்புகளில் ஒளிந்திருந்த மை காகிதத்தின் இழுப்புக்கு வெளியே வருகிறது. காகிதம் வெளுத்து வரும்வரை ஊறலும் உறிஞ்சலும் மாறி மாறி நடக்கட்டும். எனக்கு ஒரு பேனா பதினொரு நாள் எடுத்தது உண்டு.

ஒரு வாரம் கழித்தும் அடைப்பு விடவில்லை என்றால், வீட்டு உபயோகத்துக்கு விற்கும் அம்மோனியாவில் ஒரு பங்கு, தண்ணீர் ஒன்பது பங்கு, பாத்திரம் கழுவும் திரவம் ஒரே ஒரு சொட்டு கலந்து, முன்பகுதியை மட்டும் அரை மணி நேரம் வைக்கலாம். ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள். பிளீச்சிங் கலந்த எதையும் பக்கத்தில் கொண்டுவராதீர்கள், சேர்ந்தால் விஷவாயு வரும். பிறகு நல்ல தண்ணீரில் பலமுறை அலசுங்கள். கண்ணாடிக் கடைகளில் மூக்குக்கண்ணாடி சுத்தம் செய்யும் அதிர்வுத் தொட்டி இருக்கும். கேட்டால் செய்துதருவார்கள், முன்பகுதியை மட்டும் இரண்டு மூன்று நிமிடம் காட்டலாம். அதிலும் சரியாகாவிட்டால் கூண்டைக் கழற்றத்தான் வேண்டும். அதை முதல் முறை செய்பவரிடம் நான் சொல்லமாட்டேன்.

ஏன் என்று சொல்கிறேன். அந்தக் கூண்டு திருகில் மாட்டப்பட்டு, அரக்கால் ஒட்டப்பட்டிருக்கிறது. மரச் சாமானுக்குப் பாலிஷ் போடுபவர்கள் அவலரக்கு என்று சொல்கிறார்களே, அதே பொருள்தான். சூடு பட்டால் இளகும், ஆறினால் இறுகும். நாளை இன்னொருவர் திறக்க முடிய வேண்டும் என்று எண்ணியே அந்தக் காலத்தில் அரக்கைப் போட்டார்கள். ஃபெவிக்விக் போட்ட பேனாவைத் திறக்க வழியே இல்லை, உடைத்துத்தான் எடுக்க வேண்டும். அரக்கை இளக்க மிதமான சூடு தேவை. ஆனால் உடல் லூசைட் என்னும் அக்ரிலிக், கொஞ்சம் கூடினால் வளைந்துவிடும். இரண்டுக்கும் இடையில் இருக்கும் இடைவெளி கைப்பழக்கத்தில் மட்டுமே பிடிபடும். பார்க்கர் இந்தப் பேனாவுக்கென்றே வேகமாகக் காயும், காரத்தன்மை மிகுந்த ஒரு மையைக் கொண்டுவந்தது. அன்றைக்குப் பேனா செய்யப் பயன்பட்ட செல்லுலாய்டை அந்த மை அரித்தது, அதைத் தாங்க லூசைட் வந்தது. அவ்வளவு தாங்கும் லூசைட்டுக்கு ஆல்கஹால் ஆகாது. மேற்பரப்பில் மயிரிழை வெடிப்புகள் படரும், அவை திரும்பப் போகாது. ஸ்பிரிட்டையும் சானிடைசரையும் வேண்டாம் என்று சொன்னது அதனால்தான்.

வெந்நீரைப் பற்றி ஒரு கசப்பான அனுபவம் உண்டு. கற்றுக்கொண்ட புதிதில், ஒருவர் தன் தாத்தாவின் கறுப்பு எபனைட் பேனாவைக் கொடுத்தார். மை சீக்கிரம் கரையட்டும் என்று சூடான தண்ணீரில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தபோது பளபளத்த கறுப்பு, காய்ந்த சாணி நிறத்துக்குப் போயிருந்தது. எபனைட் என்பது கந்தகம் சேர்த்துக் கெட்டியாக்கிய ரப்பர். வெயிலும் ஈரமும் சூடும் சேர்ந்தால் மேற்பரப்பு நிறம் மாறும். அவர் ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொண்டு போனார். அவர் முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை. உங்களுடையது லூசைட், இப்படி நிறம் மாறாது. ஆனால் இதைப் படிக்கும் வேறு யாரிடமாவது ராஜமுந்திரி ரத்னம், சென்னை காமா, திருவள்ளூரில் கடைந்தவை என்று எபனைட் பேனாக்கள் இருக்கலாம். கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்து முகர்ந்து பாருங்கள். கந்தக வாடை வந்தால் எபனைட், உடலை ஊறவைக்கக் கூடாது. லேசாகச் சூட வாசனை வந்தால் செல்லுலாய்டு, அது கற்பூரம் சேர்த்துச் செய்தது, எளிதில் தீப்பிடிக்கும். விளக்கு, அடுப்பு, ஹேர் டிரையர் எதன் பக்கமும் கொண்டுபோகக் கூடாது.

இனி நிப். இதைத்தான் மாற்றவே கூடாது என்று அழுத்திச் சொல்வேன். அப்பாவின் நிப் பெரும்பாலும் 14 காரட் தங்கம். 1950-இல் வந்த 51 ஸ்பெஷல் என்ற மலிவு மாடலாக இருந்தால் எட்டு உலோகங்கள் கலந்த எஃகு நிப். எதுவானாலும் நுனியில் மிகக் கடினமான ஒரு மணி ஒட்டப்பட்டிருக்கிறது, காகிதத்தைத் தொடுவது அது மட்டும்தான். பல வருடம் ஒரே கோணத்தில், ஒரே சாய்வில் எழுதும்போது அந்த மணி ஒரு பக்கமாக மிக நுண்ணியதாகத் தேய்ந்து தட்டையாகிறது. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் பார்த்தால் அந்தத் தட்டையான இடம் தெரியும். அப்பா பேனாவை எப்படிச் சாய்த்துப் பிடித்தார், எந்தப் பக்கம் திருப்பிப் பிடித்தார் என்பது அந்த இடத்தில் பதிந்திருக்கிறது. அதனால், சுத்தமான பிறகு எழுதிப் பார்க்கும்போது கீறுவதுபோல இருந்தால் உடனே நிப் கெட்டுவிட்டது என்று முடிவு செய்யாதீர்கள். பேனாவை விரல்களுக்கிடையில் ஒரு நெல் அளவு இடப்பக்கம் உருட்டி எழுதுங்கள், பிறகு வலப்பக்கம் உருட்டி எழுதுங்கள். கொஞ்சம் நிமிர்த்தி, கொஞ்சம் படுக்கவைத்து எழுதுங்கள். ஏதாவது ஒரு கோணத்தில் சட்டென்று வழுக்கிக்கொண்டு போகும். அது அப்பா பிடித்த கோணம். என்னிடம் வந்தவர்களில் பலர் அந்தக் கணத்தில் பேசாமல் இருந்துவிடுவார்கள்.

எல்லாக் கோணத்திலும் கீறினால், அப்போது உண்மையிலேயே கோளாறு. பெரும்பாலும் நிப்பின் இரண்டு பாதிகளில் ஒன்று மேலேயும் ஒன்று கீழேயும் இருக்கும். ஒருமுறை கீழே விழுந்தால் போதும், இது நேரும். லென்ஸ் வைத்துப் பார்த்து, உயர்ந்திருக்கும் பாதியை நகத்தால் மெதுவாக அமுக்கி நேராக்குவார்கள். 51-இல் நுனி மட்டுமே வெளியே இருப்பதால் பிடிக்க இடம் குறைவு, தெரிந்தவர் செய்வது நல்லது. உப்புக்காகிதத்தில் எழுதித் தேய்த்தால் சரியாகும் என்று சிலர் சொல்வார்கள். கேட்காதீர்கள், அந்த மணியின் தேய்மானம் ஒரே நிமிடத்தில் அழிந்துவிடும். ‘பேனாவை யாருக்கும் கொடுக்காதே, நிப் கெட்டுவிடும்’ என்று நம் வீடுகளில் சொல்வார்களே, அதில் பாதி உண்மை. வேறொருவர் இரண்டு கையெழுத்துப் போட்டால் அவ்வளவு கடினமான மணி தேயாது. அழுத்தி எழுதுபவர் கையில் பாதிகள் அகன்றுபோகும், கீழே போட்டால் வளையும். அதற்குத்தான் அந்த எச்சரிக்கை பயன்பட்டது. நம் சாத்தூரில் நிப் செய்யும் தொழில் கொடிகட்டிப் பறந்த காலத்தில் சாதாரணப் பேனாவுக்கு நிப் மாற்றுவது பென்சில் சீவுவது போன்ற வேலையாக இருந்தது. அந்தப் பழக்கத்தில்தான் இன்றைக்கும் கடைகளில் முதல் ஆலோசனையாக நிப்பை மாற்றச் சொல்கிறார்கள். 51-க்கு அது பொருந்தாது.

பாலிஷ் பற்றி. மூடியின் உள்பக்கமோ விளிம்பிலோ ‘ரோல்டு கோல்டு’ என்று பொறித்திருக்கிறதா பாருங்கள். ரோல்டு கோல்டு நகை நம் வீடுகளுக்குப் புதிதில்லை. அடியில் வேறு உலோகம், மேலே மெல்லிய தங்கத் தகடு. 1/10 12 என்று இருந்தால், எடையில் பத்தில் ஒரு பங்கு 12 காரட் தங்கம் என்று அர்த்தம். பிராசோ, புளி, விபூதி, பற்பசை எல்லாமே உராய்வால் சுத்தம் செய்பவை. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தங்கத்தை எடுத்துக்கொண்டுதான் பளபளப்பைத் தரும். கிளிப்பின் ஓரத்திலும் விளிம்பிலும் முதலில் பித்தளை தெரியத் தொடங்கும். ஈரம் பிழிந்த பருத்தித் துணியால் துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்றினால் போதும். கிளிப்பின் அடியில் மஞ்சளாக ஏதோ இறுகியிருக்கிறது, துருவா என்று கேட்டிருந்தீர்கள். படத்தைப் பார்த்தால் எனக்குத் துருவாகத் தோன்றவில்லை. ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமுமாக இருக்க வாய்ப்பு அதிகம், நம் வீட்டுப் பேனாக்களில் அடிக்கடி பார்ப்பதுதான். சீவிய மூங்கில் பல்குச்சியை ஈரமாக்கி மெதுவாக எடுத்தால் வந்துவிடும். கொஞ்சம் விட்டுவைத்தாலும் பேனாவுக்கு ஒரு கெடுதலும் இல்லை.

உடலில் இருக்கும் கீறல்களை நான் தொடமாட்டேன். லூசைட்டைப் பளபளக்க வைப்பது எளிது, அதனால்தான் எல்லோரும் செய்கிறார்கள். ஆனால் பேனாவில் அப்பாவின் முதலெழுத்துகள் பொறித்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தக் காலத்தில் பேனா வாங்கினால் கடையிலேயே பெயர் பொறித்துக் கொடுப்பார்கள். அந்தப் பொறிப்பின் ஆழம் மயிரிழைதான். பஃபிங் சக்கரத்தில் பத்து வினாடி காட்டினால் பெயர் போய்விடும், பார்க்கர் முத்திரையும் சேர்ந்து போகும். விற்பதாக இருந்தால்கூட அது விலையைக் குறைக்கும். விற்கப்போவதில்லை என்றால் செய்வதற்கு ஒரு காரணமும் இல்லை.

சுத்தமாகி, ஒரு நாள் முழுக்க உலர்ந்த பிறகு மை நிரப்பலாம். முதல் மை, தண்ணீரில் எளிதாகக் கரையும் சாதாரண நீலமாக இருக்கட்டும். பார்க்கரின் குவிங்க் 1931-இலிருந்து இருக்கும் மை, இந்தப் பேனாவுக்குப் பழகியது. கேம்லின், பிரில் ராயல் புளூவும் போதும். மினுமினுப்புத் துகள் கலந்தவை, ஓவியம் வரையும் இந்தியன் இங்க், முத்திரை மை எதையும் இந்த மடிப்புகளுக்குள் விடாதீர்கள், அவை கரைவதில்லை. அப்பாவின் பழைய மைக்கூடும் கிடைத்ததாகச் சொன்னீர்கள். வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மேலே ஆடைபோல எதாவது மிதந்தாலோ, வாடை வந்தாலோ பூஞ்சை பிடித்திருக்கிறது. கூட்டை வைத்துக்கொள்ளுங்கள், மையைப் பேனாவில் ஊற்ற வேண்டாம். ஒரு சொட்டுப் பூஞ்சை மடிப்புகளுக்குள் போனால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கும்.

நிப் முழுக்க மையில் முங்கும்படி வைத்து, ஐந்தாறு முறை மெதுவாக அழுத்தி விட்டு, நுனியைத் துடைத்து எழுதுங்கள். முதல் பக்கம் விட்டுவிட்டு வரும், மடிப்புகளில் மீந்த தண்ணீர் காரணம். இரண்டாம் பக்கத்தில் நிறம் பிடிக்கும். அப்புறம் பேனாவை மறுபடி பீரோவில் பூட்டிவிடாதீர்கள். மை உள்ளே இருக்கும் வரை வாரத்துக்கு இரண்டு முறையாவது ஒரு பக்கம் எழுதுங்கள். ஒரு மாதத்துக்கு மேல் எழுதப்போவதில்லை என்றால் அலசி, உலர்த்தி வையுங்கள். அடுத்த ஆயுத பூஜைக்குச் சந்தனத்தைப் பேனாவின் பெட்டிக்கு வைக்கலாம்.

பை விரிசல் விட்டிருக்கிறதா என்பது மட்டும்தான் எனக்கு இன்னும் தெரியாத விஷயம். ஏழாவது நாள் வரை ஊறவைத்தும் பட்டையை அழுத்தும்போது தண்ணீர் ஏறவில்லை என்றாலோ, உலோகக் கூட்டின் ஓட்டை வழியாக நீர் கசிந்தாலோ, அங்கேயே நிறுத்திவிட்டு, கூட்டின் இரண்டு பக்கத்தையும் வெயில் வெளிச்சத்தில் படமெடுத்து இங்கேயே போடுங்கள். அதைப் பார்த்துவிட்டு, அடுத்து என்ன செய்யலாம் என்று சொல்கிறேன்.